மஞ்சள் விளக்கும் ஆட்டோக்காரரும்

மண்ணூர்பேட்டை கேரேஜில் கார் டயர்களை மாற்றிக்கொண்டு புறப்பட்டதுமே, காற்று குறைந்தால் எரியும் மஞ்சள் விளக்கு எரிந்தது. மெக்கானிக்குக்குப் போன் செய்தேன்.

"சென்சார் இன்னும் செட் ஆகலை மேடம். ஓட ஓட அதுவா அணைஞ்சிடும்" என்றார். நம்பினேன்.

பின்சீட்டில் என் ஏழு வயது மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். வேலப்பன்சாவடி அருகே வேகம் எடுத்தபோது, ஓர் ஆட்டோ பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு வந்தது. டிரைவர் கையை வீசி ஏதோ கத்தினார். கண்ணாடியை ஏற்றிவிட்டு இன்னும் வேகமாக ஓட்டினேன். ஸ்டியரிங் ஒரு பக்கமாக இழுத்தது. அவரும் விடவில்லை. சிக்னலில் ஓடி வந்து கண்ணாடியைத் தட்டினார். போலீசைக் கூப்பிடுவேன் என்று போனைக் காட்டிக் கத்தினேன்.

"கூப்டுக்கா, பரவால்ல. ஆனா வண்டிய எடுக்காத. பின்னாடி டயரு சுத்தமா உக்காந்துகீது. உள்ள கொயந்த வேற கீது!"

இறங்கிப் பார்த்தேன். ரிம் கிட்டத்தட்டத் தரையைத் தொட்டிருந்தது. புது வால்வின் அடியில் மிச்சக் காற்று சீறிக்கொண்டிருந்தது.

ஸ்டெப்னியை மாட்டிக் கொடுத்ததும் அவர்தான்.

"மன்னிச்சிடுங்கண்ணா."

"வுடுக்கா. யாரா இருந்தாலும் பயப்படுவாங்க."

கேரேஜ்காரர் மேல் கோபம் இன்னும் தீரவில்லை. ஆனால் அதைவிட உறுத்துவது, ஒரு வார்த்தைகூடக் காதில் வாங்காமல் அந்த மனிதரைத் திருடன் என்று முடிவுகட்டிய என் மனசுதான்.