ஏழு முறை அழுத்தியும் வராத தாள்

வீடு வீடாகப் போய்க் கம்ப்யூட்டரும் பிரிண்டரும் சரிபண்ணுகிற அந்த ரிப்பேர்காரரின் எண்ணை வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் ‘சிடுமூஞ்சி’ என்றுதான் போனில் பதிந்து வைத்திருந்தார்கள். அது அவருக்கும் தெரியும். ஒரு வீட்டு மேஜையில் கிடந்த போனில் தன் அழைப்பு அந்தப் பெயரோடு மினுங்கியதைக் கண்ணாலேயே பார்த்தவர். அவருக்குக் கோபம் வரவில்லை. இனி வெட்டியாகக் கூப்பிடமாட்டார்கள், நிம்மதி என்று நினைத்துக்கொண்டார்.

பத்தொன்பது வருஷத் தொழிலில் அவர் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: மனுஷன் சொல்வதை நம்பக் கூடாது. “நான் ஒண்ணுமே பண்ணல சார், அதுவா நின்னுடுச்சு” என்று சொல்லாத வீடு உண்டா? ஒன்றுமே பண்ணாத அந்த உத்தமர்தான் மூன்று தாளை மொத்தமாகத் திணித்து உருளையை உடைத்திருப்பார். அதனால் ரிப்பேர்காரர் யாரையும் பேசவிட மாட்டார். நேரே உட்கார்ந்து லாக்கைத் திறப்பார். கம்ப்யூட்டர் தனக்குள் நடப்பதையெல்லாம் நேரம் போட்டு எழுதிவைக்கும் பதிவேடு அது. எந்தத் தாளை யார் அனுப்பினார்கள், எங்கே தடுக்கியது, யார் நிறுத்தினார்கள் எல்லாம் அதில் இருக்கும். மற்ற ரிப்பேர்காரர்கள் அதை முக்கியமானதை மட்டும் எழுதும்படி விட்டுவிடுவார்கள். இவரோ ஒன்றுவிடாமல் எழுதும்படி திருப்பிவைப்பார். வீட்டில் மூன்று பேர் என்றால் மூன்று பேருக்கும் தனித்தனிப் பெயரில் கணக்குத் திறந்து கொடுப்பார். “தப்பு யாரோடதுன்னு தெரிய வேணாமா?” என்பார்.

அப்படித் தெரிந்துகொண்டே அவர் சம்பாதித்த பகைகள் ஏராளம். ஆனால் எல்லாவற்றிலும் பெரிய பகை வேறு வகை: அக்காள் புருஷன். அத்தான் ஒரு கிடங்கில் மேற்பார்வையாளர். வீட்டுக்குள்ளும் அதே வேலைதான். ஐந்து வருஷத்துக்கு முன்னால் நாலு பேர் கூடியிருந்த இடத்தில், “இவன் என்ன பெரிய இன்ஜினியரா? ஸ்க்ரூ முடுக்குறவன்” என்று சொல்லிவிட்டார். சிடுமூஞ்சி சும்மா இருக்குமா? எழுந்து வந்ததுதான், அதற்கப்புறம் அந்த வீட்டு வாசப்படி மிதிக்கவில்லை. அக்காள் இரண்டு தரம் போன் பண்ணினாள். “அந்தாள் மன்னிப்புக் கேக்கட்டும், வரேன்” என்றார். மூன்றாவது தரம் அவள் பண்ணவில்லை.

அன்றைக்குச் சனிக்கிழமை. காலை பத்து மணிக்கு அக்காள் மகள் போனில் அழாத குறையாகப் பேசினாள். “மாமா, வேலை கிடைச்சிருக்கு. சேர்றதுக்கு ஒப்புதல் கடிதம் பிரிண்ட் எடுத்துக் கையெழுத்துப் போட்டுப் பன்னெண்டு மணிக்குள்ள இங்க இருக்கிற அவங்க ஆபீஸ்ல நேர்ல குடுக்கணும். இல்லன்னா அடுத்த ஆளைக் கூப்பிட்டுடுவாங்க. ஏழு தரம் அழுத்திட்டேன், வரவே மாட்டேங்குது. தெருமுனைக் கடையும் பன்னெண்டுக்குத்தான் திறப்பான். ப்ளீஸ் மாமா.”

அவர் வீம்பை விட்டுவிட்டுக் கிளம்பினார் என்று சொன்னால் பொய். வீம்போடுதான் கிளம்பினார்.

கூடத்தில் அத்தான் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். “வாங்க” என்று ஒரு வார்த்தை வரவில்லை. “வெளியூர் வேலை, ஹாஸ்டல் சாப்பாடு. அதுக்கு இவ்வளவு அமர்க்களம்” என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். அக்காள் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தாள். முன்னைவிட இளைத்திருந்தாள். உள்ளறையில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறவள். அதற்கென்று அங்கே ஒரு பழைய லேப்டாப் வைத்திருந்தாள். தண்ணீரை வைத்துவிட்டு மறுபடி அங்கேயே போய்விட்டாள்.

“சொல்லு” என்றார் ரிப்பேர்காரர், அக்காள் மகளிடம்.

“நான் ஒண்ணுமே பண்ணல மாமா...”

“வாயை மூடு. அழுத்து.”

அவள் அழுத்தினாள். பிரிண்டர் ஒரு முறை முனகியது, தாளைக் கொஞ்சம் இழுத்தது, அடங்கிவிட்டது. வரிசையில் இருந்த கடிதம் மாயமாகிவிட்டது. அவர் சோதனைத் தாள் ஒன்றை அனுப்பினார். அது கண்ணாடிபோல வந்து விழுந்தது. மை இருக்கிறது, கேபிள் சரி, தாள் சரி. இவளுடைய கடிதத்துக்கு மட்டும் என்ன கேடு? மணி பத்து ஐம்பது. பஸ்ஸுக்கு அரைமணி நேரம் வேண்டும். அவளோ நகத்தைக் கடித்துக் கடித்து ரத்தம் வரவைத்திருந்தாள்.

லாக்கைத் திறந்தார். கடைசி வரியிலிருந்து மேலே போனார். எட்டு மணி பத்து நிமிடத்துக்கு ஒரு கடிதம், எட்டு இருபத்தைந்துக்கு ஒன்று, ஒன்பதுக்கு ஒன்று. ஒவ்வொன்றையும் பிரிண்டர் ஒழுங்காக வாங்கியிருக்கிறது. வாங்கின பத்து விநாடிக்குள் ‘ரத்து செய்யப்பட்டது’ என்று ஒரு வரி. இப்போது அழுத்தினதற்கும் அதே வரி. பிழையே இல்லை! யாரோ பக்கத்தில் இருந்து பார்த்துப் பார்த்து நிறுத்தியிருக்கிறார்கள்.

அவருக்கு ஐந்து வருஷக் கோபமும் ஒரே மூச்சில் மேலே ஏறியது. கையும் களவுமாகச் சிக்கிவிட்டார் மனுஷன்! நாற்காலியைத் திருப்பிக்கொண்டு எழுந்தார்.

“மெஷினுக்கு ஒரு கேடும் இல்ல. கேடு இந்த வீட்டு மனுஷனுக்கு. பெத்த பொண்ணோட வேலைய ஒளிஞ்சு நின்னு கெடுக்கிறீங்களே, வெக்கமா இல்ல? ஸ்க்ரூ முடுக்குறவன் கண்டுபிடிக்க மாட்டான்னு நினைச்சீங்களா அத்தான்?”

அத்தான் காலை இறக்கினார். “டேய், எனக்குப் பிடிக்கல. பிடிக்கலன்னு அவ மூஞ்சிக்கு நேராச் சொல்லியாச்சு. ஒளிய எனக்கு என்ன தலையெழுத்து? போனைத் தவிர நான் எதையாவது தொட்டுப் பாத்திருக்கியா?”

“லாக் பொய் சொல்லாது!”

“மாமா” என்றாள் அக்காள் மகள். அவர் விட்ட நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள். திரைக்கு வெளியே நீண்டிருந்த வரியின் மிச்சத்தை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். “முழு வரியையும் படிக்கலையா நீங்க?”

ஊரில் அத்தனை பேரையும் அந்த ஒரு கேள்வியைக் கேட்டே திட்டித் தீர்த்தவர் அவர். குனிந்து பார்த்தார். ரத்து செய்தவர் என்ற இடத்தில், சண்டைக்கு முன்னால் அவரே திறந்து கொடுத்த கணக்கின் பெயர் இருந்தது. ஆங்கில எழுத்து நாலில், அம்மா. எட்டு வரியிலும் அதே பெயர். நாற்பது பக்கக் கேள்வித்தாளைத் தெரியாமல் இருமுறை அனுப்பிவிட்டுப் பதறினவளுக்கு, உள்ளறை லேப்டாப்பிலிருந்தே நிறுத்துவது எப்படி என்று அந்த நாளில் போனில் சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான். நிறுத்தினவர் பெயரும் பதிவாகும் என்று மட்டும் சொல்லவில்லை.

அக்காள் உள்ளறை வாசலில் நின்றிருந்தாள்.

“ஏம்மா?” என்றாள் மகள். “போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா நீ இருந்துடுவ. அப்புறம் காலம் பூரா என்னைத்தான் கரிச்சுக் கொட்டுவ. மெஷின் கெட்டுப்போச்சுன்னா யாரையும் திட்ட வேண்டியதில்ல பாரு.” அக்காள் அத்தான் பக்கம் கையை நீட்டினாள். “நீயும் போயிட்டா, விடிஞ்சா அடைஞ்சா இந்த மனுஷனோட நான் தனியா இருக்கணும்டி. எப்படி இருப்பேன்?”

அத்தான் மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

மகள் அம்மாவைப் பார்த்தபடியே மறுபடி அழுத்தினாள். இந்த முறை தாள் முழுசாக வந்தது. கையெழுத்துப் போட்டாள், கோப்பில் வைத்தாள், செருப்பை மாட்டினாள். அம்மா, “கதவு வரைக்கும் வரேன்டி” என்றாள்.

“வேணாம்” என்றாள் மகள். படியிறங்கும் சத்தம் வேகமாகக் கேட்டது.

அத்தான் படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ரிப்பேர்காரர் பையை எடுத்துத் தோளில் மாட்டினார். இந்த வீட்டு வாசலில் தான் ஒரு முறை வந்து நின்றிருந்தால்கூடப் போதுமே என்று மனசுக்குள் இருந்து யாரோ அறைந்தார்கள். வெட்கமாக இருந்தது.

“அக்கா, நாளைக்கு ஒரு எட்டு வரட்டுமா?”

அவள் பிரிண்டரின் சுவிட்சை அணைத்தாள்.

“எதுக்கு? எதைச் சரிபண்ண?”