நல்லா இருக்கறனுங்க

எங்கள் பக்கத்தில் 'எப்படி இருக்கறீங்க' என்று யார் கேட்டாலும் பதில் ஒன்றுதான்: நல்லா இருக்கறனுங்க. கை ஒடிந்து கட்டுப் போட்டுக்கொண்டு நின்றாலும் அதுதான். வேறு ஏதாவது சொன்னால் கேட்டவருக்குச் சங்கடமாகிவிடும், அது மரியாதை இல்லை. இப்படி வளர்ந்தவள் மனநல டாக்டரிடம் போனால் கதை என்னவாகும்? இன்று மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு, கொஞ்சம் தெளிந்து, இதை எழுதும் அளவுக்கு வந்திருக்கிறேன். ஆனால் அந்த ஒரு வார்த்தையால் நான் படுத்திய பாடு இருக்கிறதே, அதை நினைத்தால் இன்னும் மனசு குத்துகிறது.

நாமக்கல் பைபாஸ் ஓரத்தில் எங்களுக்குச் சாப்பாட்டுக் கடை. வருகிறவர்களில் முக்கால்வாசி லாரிக்காரர்கள். என் வீட்டுக்காரர் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். காலையில் குழம்பு இறக்கும்வரை கூடமாட இருந்துவிட்டுப் பட்டறைக்குப் போவார். அதிகம் வாய் திறக்காத மனுஷன். அவர் பங்கையும் சேர்த்து நானே பேசிவிடுவேன். 'அக்கா கடையில சோறு பாதி, பேச்சு பாதி' என்று டிரைவர்கள் கிண்டல் செய்வார்கள்.

எனக்கு இது எதனால் வந்தது என்று தெரியவில்லை. மகள் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போனதால்தான் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அதெல்லாம் ஒன்றும் இல்லை. காலையில் கண் விழித்ததும் ஐயோ, இன்னொரு நாளா என்றிருக்கும். வாயில் வைத்தது எல்லாம் சாணித்தாள் மாதிரி இருந்தது. கை பாட்டுக்கு அரிசி களையும், நான் எங்கேயோ இருப்பேன். குடிக்காத புருஷன், நன்றாகப் படிக்கிற பிள்ளை, ஓடுகிற கடை. இத்தனையும் வைத்துக்கொண்டு அழுகிறாயே, உனக்கு என்னடி கொழுப்பு என்று என்னை நானே ஏசிக்கொள்வேன். ஏச ஏச இன்னும் அழுகை வரும்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு கிணறு. துணி காயப்போடப் போனால் அதை எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றுவிடுவேன். நான் போய்ச் சேர்ந்தால் இந்த மனுஷனுக்காவது நிம்மதி கிடைக்கும் என்று தோன்றும். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் பட்டறையிலிருந்து ஆங்கிளும் கம்பியும் கொண்டுவந்து, பகல் முழுக்க உட்கார்ந்து வெல்டிங் வைத்து, கிணற்றுக்கு ஒரு வலைமூடி போட்டார். பூட்டு வேறு. சாவியை அரைஞாண் கயிற்றில் கோத்துக்கொண்டார்.

"கெணத்துக்கு எதுக்குங்க லாரி பாடி கட்டறீங்க? நேஷனல் பர்மிட்டு வாங்கி ஓட்டப் போறீங்களா?" என்றேன்.

"ஆட்டுக்குட்டி கீட்டி உழுந்துருமுல்ல," என்றார்.

வேலையத்த மனுஷன் என்று முணுமுணுத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன்.

அந்த வாரமே, "வா புள்ள, நரம்பு டாக்டரப் பாத்துட்டு வந்துரலாம்," என்றார். மனசுக்கு டாக்டர் என்று எங்கள் ஊரில் யார் சொல்வார்கள்? நரம்பு டாக்டர் என்றுதான் சொல்வார்கள். அவர் நாலு பேரிடம் நல்ல நரம்பு டாக்டர் யார் என்று கேட்க, அவர்களும் நல்லெண்ணத்தோடு நிஜமான நரம்பு டாக்டரையே காட்டிவிட்டார்கள். அந்த டாக்டர் என் முட்டியில் சின்னச் சுத்தியலால் தட்டினார், ஸ்கேன் எடுத்தார், நரம்பெல்லாம் சுத்தமாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார். படத்திலும் ஒன்றும் இல்லையென்றால் அப்போது நான் நடிக்கிறேனா? வீடு வந்து சேரும்வரை அந்தப் பட உறையை மடியில் வைத்துக்கொண்டு தலைகுனிந்தே இருந்தேன்.

அடுத்தது சேலம். இந்தத் தடவை சரியான டாக்டர்தான். ஆனால் உட்கார இடம் இல்லாத கூட்டம்.

"எப்படிம்மா இருக்கீங்க?"

"நல்லா இருக்கறனுங்க."

டாக்டர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "சாப்பிடறாங்களா?"

"சாப்புடுதுங்க."

"தூங்கறாங்களா?"

"தூங்குதுங்க."

போகிற தடவையெல்லாம் இதே பாட்டு. நன்றாகத்தானே இருக்கிறார்கள் என்று, முதல் தடவை எழுதிக்கொடுத்த மாத்திரையைக் குறைத்தார், பிறகு நிறுத்தியே விட்டார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவர் கேட்டார், நான்தான் சொன்னேன். பட்டறைக்கு லீவு போட்டுவிட்டு என் பின்னால் அலைந்த மனுஷன் திரும்பும்போது பஸ்ஸில் கொய்யாக்காய் வாங்கிக் கொடுத்தார். அதைக் கடிக்கக்கூட முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பாவி, இந்த ஆளைப் போட்டு இப்படி இழுத்தடிக்கிறாயே என்றுதான் வழியெல்லாம் நினைப்பு.

ஒரு நாள், கடைக்கு வழக்கமாகச் சாப்பிட வரும் டிரைவர் ஒருவர் இலையில் உட்கார்ந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "எப்படி இருக்கறீங்க்கா?"

"நல்லா இருக்கறன் சாமி."

"நானும் இப்புடித்தான் சொல்லிட்டுத் திரிஞ்சனுங்க்கா," என்றார் குரலைத் தணித்து. திருச்செங்கோட்டில் மனசுக்குப் பார்க்கிற ஒரு லேடி டாக்டர் இருப்பதாகவும், தானும் அவரிடம்தான் மாத்திரை வாங்குவதாகச் சொன்னார். "அந்தம்மா எப்படி இருக்கறீங்கன்னே கேக்க மாட்டாங்க. அதான் அவங்ககிட்ட பொய் சொல்ல முடியாது."

போனோம். டாக்டர் என்னைவிடக் கொஞ்சம் சின்னவர். நான் நல்லா இருக்கறனுங்க என்று சொல்வதற்காக வாயைத் தயாராக வைத்திருந்தேன். அவர் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். சாப்பாட்டுக் கடை என்றேன்.

"நேத்து என்ன கொழம்புங்க?"

"கத்திரிக்கா புளிக்கொழம்புங்க."

"உப்பு எப்படி இருந்துது?"

சரியா இருந்துதுங்க என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் எனக்குத் தெரியாது. நிஜமாகவே தெரியவில்லை. உப்புப் போட்டேனா என்றுகூட ஞாபகம் இல்லை. எத்தனையோ நாளாக ருசி பார்க்கவே இல்லை. அப்படியென்றால் கடையில் ஒருவர்கூட ஏன் குறை சொல்லவில்லை? என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உப்பு நாந்தானுங்க பாத்துப் போடறேன்," என்றார் டாக்டரிடம். "இது ஒரு நாள் போடாது, ஒரு நாள் ரெண்டு தடவ போட்டுரும். பட்டறைக்குப் போறதுக்கு முன்னால சரி பண்ணி வெச்சுட்டுப் போயிருவனுங்க."

"அப்பறம் ஏனுங்க சேலத்துல நான் நல்லாச் சாப்புடறேன்னு சொன்னீங்க?" என்று நான் சண்டைக்கே போய்விட்டேன். டாக்டர் எதிரில் இருப்பதே மறந்துவிட்டது.

"நீ நல்லா இருக்கறேன்னு சொன்னீல்ல. பக்கத்துல உக்காந்துக்கிட்டு உன்னையப் பொய்க்காரி ஆக்கறதா?"

டாக்டர் அவரைக் கொஞ்ச நேரம் வெளியே இருக்கச் சொன்னார். கதவு மூடியதும் நான் கிணற்றைப் பற்றிச் சொன்னேன். முதல் தடவையாக ஒரு மனுஷ ஜீவனிடம் சொன்னேன். டாக்டர் பதறவில்லை. அப்படியெல்லாம் நினைக்கக் கூடாது என்று புத்தி சொல்லவும் இல்லை. காலையில் அதிகமா, சாயங்காலம் அதிகமா என்று கேட்டார். இது நோவு, கொழுப்பு இல்லை என்றார். பிறகு, "இது அவருக்கும் தெரியணுமுங்க. நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்றார்.

நானே சொல்கிறேன் என்றேன். என் வீட்டுக்காரர் உள்ளே வந்து உட்கார்ந்தார். உப்புக்கே இப்படித் தவித்தவர், இதை எப்படித் தாங்குவார்?

"ஏனுங்க, நம்ம கெணறு இருக்குதுல்லங்க..."

அவர் என்னைப் பார்க்கவில்லை. சட்டைக்கு மேலாகவே இடுப்பைத் தடவி, அங்கே தொங்கிய சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"நம்மகிட்ட ஏது புள்ள ஆட்டுக்குட்டி?" என்றார்.