முதுகு காட்டும் யானை

நான் ஒரு சந்தேகப் பிராணி. பால்காரர் தண்ணீர் கலக்கவில்லை என்று சத்தியம் செய்தால், சொம்பை இன்னொரு தரம் எட்டிப் பார்ப்பேன். வாராவாரம் படிக்கிற உங்களுக்கு இது புதிதல்ல.

போன வாரம் என்னையும் மிஞ்சிய சந்தேகத்தோடு ஒருவர் திருத்தணியில் என் வீட்டுக்கு வந்தார். பொதட்டூர்பேட்டைக் குப்புசாமி. வீட்டிலேயே தறி போட்டுக் கைலி நெய்பவர். கையில், சாயம் போய்ப் பல்லிளிக்கும் கைலி ஒன்று. வாங்கியவர் அரக்கோணத்திலிருந்து கொண்டுவந்து அவர் முகத்தில் வீசிவிட்டுப் போனாராம். அதில் ஒட்டியிருந்ததோ குப்புசாமியின் யானை மார்க் லேபிள்!

"இது என் தறி சரக்கு இல்லீங்க. எங்க பாவா வேலை" என்றார்.

பாவா என்றால் அவருடைய அக்காள் புருஷன் நரசிம்முலு. அரக்கோணத்தில் இவர் சரக்கை விற்பவர். லேபிள் கட்டு அவரிடமும் உண்டு. மட்டச் சரக்கில் ஒட்டி விற்கிறார் என்பது குப்புசாமியின் கட்சி. பாவா மகனுக்குத்தான் தன் பெண்ணைக் கொடுப்பதாகப் பேச்சு. அது முறிந்தது என்று அக்காவுக்குச் சொல்லியும் அனுப்பிவிட்டாராம்.

துணிப் பஞ்சக் காலத்தில் எதுதான் நடக்காது? எனக்கும் பாவா மேல்தான் சந்தேகம்... ஆனால் நான் சந்தேகப்படுகிறவரையும் சந்தேகப்படுகிறவன். குப்புசாமி கட்டிக்கொண்டு வந்திருந்த மூட்டையிலிருந்து நல்ல கைலி ஒன்றை எடுக்கச் சொல்லி, இரண்டு லேபிளையும் ஜன்னலோரம் வைத்துப் பார்த்தேன்.

அந்த லேபிளுக்கு ஒரு கதை உண்டு. பட்டணத்து ஆர்ட்டிஸ்ட் முதலில் மலையும் மயிலும் போட்டுக் கொடுத்தார். அழகான மயில். குப்புசாமி வேண்டாம் என்றுவிட்டார். மயிலும் மலையும் பழனிக்கும் பொருந்துமே — நம் ஊர் எங்கே? எழுத்துத் தெரியாதவர்கூடப் பார்த்ததும் "ஆங், நம்ம மலை" என்று சொல்ல வேண்டாமா?

ஆகவே மலை, கோபுரம், கோபுரத்துக்கு முதுகைக் காட்டி நிற்கும் யானை. மற்ற ஊர்களில் வாகனம் சாமியைப் பார்த்து நிற்கும். திருத்தணியில் யானை வெளியே பார்த்து நிற்கிறது. மலையேறியவர் எல்லோருக்கும் தெரியும்.

நல்ல கைலியில் யானை சரியாகத்தான் நின்றது. சாயம் போன கைலியில்... கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தது!

எவனோ வெளியூர்க்காரன். காப்பியடிக்கும்போது, ஆர்ட்டிஸ்ட் தப்பாகப் போட்டுவிட்டான் என்று நினைத்துத் திருத்தியிருக்கிறான். திருடனுக்குப் பக்தி இருக்கலாம், இவ்வளவு கூடாது. அசல் லேபிளைக் கட்டுக்கட்டாக வைத்திருக்கும் பாவாவுக்குப் போலி எதற்கு?

மறுநாள் இருவரும் அரக்கோணம் போனோம். நரசிம்முலு லேபிளைப் பார்த்துச் சிரித்தே விட்டார். அவர் மனைவி ராஜம்மாள் சிரிக்கவில்லை.

"அந்த யானை ஏன் வெளியே பாக்குது, தெரியுமா உனக்கு?" என்று தம்பியைக் கேட்டார்.

நம் பக்கத்தில் எல்லோரும் சொல்லும் கதைதான். தெய்வானைக்குச் சீராக இந்திரன் கொடுத்த யானை அது. அது வந்த பிறகு தேவலோகத்தில் செல்வம் குறைந்ததாம். பெண் கொடுத்த வீடு செழிக்கட்டும் என்று முருகன் யானையை அந்தப் பக்கம் பார்க்க நிறுத்தினாராம்.

"நானும் அப்படித்தான் பொறந்த வீட்டைப் பாத்துகினு கீறேன். நான் சொன்னா நம்ப மாட்டே. காயிதத்துல கீற யானை சொன்னாத்தான் நம்புவியா?"

குப்புசாமி தலையைக் குனிந்துகொண்டார். எனக்கும் வெட்கமாகத்தான் இருந்தது.

கல்யாணத்தை வைகாசியில் வைத்துக்கொள்ளலாம் என்றார் நரசிம்முலு. ராஜம்மாள் இன்னும் அதற்குச் சம்மதிக்கவில்லை.

போலி லேபிளைக் கிழித்துப் போட்டுவிடலாம்... தம்பி சொல்லி அனுப்பிய வார்த்தையை எப்படிக் கிழிப்பது?