கை வெச்சா நின்ன இரைச்சல்

ஏற்காட்டுல ரெக்கார்டிங் ரூம் வெச்சு எனக்குத் தலையே நரைச்சுப் போச்சு. கிட்டாரைக் கம்ப்யூட்டர்ல மாட்டுறது எப்படின்னு கேட்டு வர்ற பசங்களுக்கு நான் முதல்ல சொல்றது செல்வராஜ் கதையத்தான்.

செல்வராஜ் மஞ்சக்குட்டைக்கு ஜீப் ஓட்டுனவரு. கல்யாணக் கச்சேரியில எலெக்ட்ரிக் கிட்டார் வாசிப்பாரு. இடது மணிக்கட்டுல கேன்சர் கட்டி. எங்கிட்ட வந்த அன்னிக்கு மறுநாளே சேலத்துல கையை எடுக்கறதா முடிவாயிருந்துச்சு. மக கல்யாணத்துக்குன்னு அவரே கட்டுன மெட்டு ஒண்ணு இருந்துச்சு.

"கை இருக்கறப்பவே பதிஞ்சு குடுத்துருங்க"ன்னு வந்து நின்னாரு.

கிட்டார் வயரை நேரா கம்ப்யூட்டரோட மைக் ஓட்டையில சொருகுனா சத்தம் சூம்பிப் போயிரும். நடுவுல இன்டர்ஃபேஸ் பெட்டி வேணும். எல்லாம் சரியாத்தான் மாட்டுனேன். ஆனா ஸ்பீக்கர்ல ஒரே இரைச்சல். நம்ம மலை பூராவும் பாறை. வெயில் காலத்துல எர்த் குழி காஞ்சு, எர்த் புடிக்காம இப்படித்தான் இரையும். அதுக்குத்தான் இங்க ரெக்கார்டிங்னா முதல்ல குழியில உப்புத் தண்ணி ஊத்துவோம். குடம் குடமா ஊத்தியும் அன்னிக்கு அந்தச் சனியன் அடங்கல. ஷாக் இல்லன்னு டெஸ்டர் வெச்சுப் பாத்துட்டு உக்கார வெச்சேன்.

வலது கையில பிளாஸ்டிக் வில்லை, கம்பியைத் தொடுறது இடது கை விரல்தான். அவரு கம்பியில கை வெச்சா இரைச்சல் நிக்கும். எடுத்தா வந்துரும். பாவம், வலி தாங்காம நடுநடுவுல நிறுத்தி இடது கையை உதறுவாரு, இரைச்சல் ஏறும். மறுபடி கம்பி மேல விரலை வெப்பாரு, நின்னுரும், வாசிப்பாரு. நொம்ப நேரம் இப்படியே போச்சு. ஆனாலும் மெட்டை முடிச்சுட்டுத்தான் எந்திரிச்சாரு.

அப்புறம் நான் இரைச்சலையெல்லாம் வெட்டி எறிஞ்சுட்டு, மெட்டை மட்டும் சுத்தமா ஒட்டிக் குடுத்தேன். கல்யாணத்துல அதைப் போட்டாங்க. மக தேம்பித் தேம்பி அழுதுச்சு. செல்வராஜ் குனிஞ்ச தலை நிமிரவேயில்ல.

கல்யாணம் முடிஞ்சு கொஞ்ச நாள்ல ரூமுக்கு வந்தாரு. சட்டைக் கை காலியாத் தொங்குச்சு. வெட்டாதது இருந்தா போடுங்கன்னாரு. நல்லவேளை, அழிக்காம வெச்சிருந்தேன். இரைச்சல் ஏறுச்சு, சட்டுனு நின்னுச்சு.

"இங்க கை வெச்சேனுங்க"ன்னாரு.

மெட்டு ஆரம்பிச்சதும் தள்ளிவிடச் சொன்னாரு. அடுத்த இரைச்சல் ஏறி, நின்னுச்சு.

"இங்கயும் வெச்சேனுங்க."

அதனால சொல்றேன் பசங்களா, என்னதான் சுத்தம் பண்ணுனாலும் வெட்டாத பதிவை அழிச்சுப்புடாதீங்க. செல்வராஜ் இன்னும் வர்றாரு. மெட்டைத் தள்ளிவிட்டு, இரைச்சல் நிக்கற எடத்தை மட்டும் கேட்டுட்டுப் போறாரு.