மோடம் வந்தால் சவுண்டு போகும்

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மகளின் லேப்டாப்பில் சத்தம் செத்துப்போனது. காலையில் அது தானாகவே என்னவோ அப்டேட் போட்டுக்கொண்டதாம், அதிலிருந்து ஸ்பீக்கர் ஊமை. எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "தள்ளு, நான் பாக்கறேன்" என்று உட்கார்ந்தேன். டிரைவர் என்று ஒன்று இருக்கும், முதலில் அதைத் தூக்கிவிட்டுத் திரும்பப் போட வேண்டும் என்று நான் பாடம் எடுக்க ஆரம்பித்ததுதான் தாமதம், அவள் என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி எதையோ இரண்டு தட்டு தட்டினாள். டிங் என்று சத்தம் வந்துவிட்டது. "எழுந்திருங்கப்பா, அத்தை கூப்புடுவாங்க" என்றாள்.

இதற்கெல்லாமா ஒரு மனுஷன் பொறாமைப்படுவான் என்று கேட்பீர்கள். படுவான். பெற்ற பெண் மேலேயே வயிறு எரிந்தது. அந்த ஒரு 'டிங்'குக்காக நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது. எழுந்திருக்கும்போது லேப்டாப்பின் அடியிலிருந்து சூடான தூசி வாடை லேசாக வந்தது. அந்த வாடைதான் என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது.

என் தங்கை விஜயாவை, ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரன் ஆண்ட எங்கள் ஊரில் பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள ஒரு தமிழ்ப் பையனுக்குக் கட்டிக்கொடுத்து, அவள் பாரிசுக்குப் பக்கத்தில் ஒரு ஊரில் போய் இறங்கியிருந்த சமயம் அது. முத்தியால்பேட்டை வீட்டில் நானும் அம்மாவும் மட்டும். ஐ.எஸ்.டி. போட்டால் அம்மாவுக்குப் பேச்சே வராது. மீட்டர் ஓடுகிற நினைப்பிலேயே "வச்சிடறேன், வச்சிடறேன்" என்பாள். இன்டர்நெட்டில் மைக் வைத்துப் பேசலாம், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம் என்று அப்போதுதான் ஊரில் சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். மருந்து ஏஜென்சி ஒன்றில் பில் போடுகிற வேலையில் இருந்த நான், ஒவ்வொரு சாமானாக வாங்கிச் சேர்த்து ஒரு கம்ப்யூட்டரை அசெம்பிள் பண்ணினேன். விஜயாவின் குரலை அம்மா நம் வீட்டில், நான் பூட்டிய மிஷினில் கேட்க வேண்டும். எனக்கு இருந்த ஒரே வைராக்கியம் அதுதான்.

ஆனால் அந்த மிஷினுக்குள் மோடம் கார்டுக்கும் சவுண்டு கார்டுக்கும் ஏழாம் பொருத்தம். கம்ப்யூட்டரைக் கூப்பிட ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு நம்பர் உண்டு. இரண்டும் ஒரே நம்பரைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றன. கீய்ங், குர்ர்ர் என்று கத்தி மோடம் லைனைப் பிடித்ததும் சவுண்டு போய்விடும். சவுண்டை எழுப்பினால், மோடம் என்று ஒன்று எனக்குள் இருக்கிறதா என்ன என்று கேட்கும் கம்ப்யூட்டர். திரையில் விஜயா 'அம்மா எங்கே' என்று இங்கிலீஷ் எழுத்தில் அடித்துக்கொண்டே இருப்பாள். நான் அதை உரக்கப் படிப்பேன். "எழுத்த வச்சி நான் என்னாடா பண்றது, குரலக் காட்டு" என்பாள் அம்மா.

கார்டை இந்த ஸ்லாட்டிலிருந்து அந்த ஸ்லாட்டுக்கு மாற்றினேன். ரப்பர் வைத்துத் தேய்த்தேன். விண்டோஸை அழித்துத் திரும்பப் போட்டேன், நீலத் திரை வந்து என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது. கேபினெட்டின் பக்கவாட்டு மூடியை மூடின நாளே கிடையாது. ஸ்குரூவெல்லாம் அம்மாவின் கடுகு டப்பாவில். மோடம் வாங்கின கடையில் போய்க் கேட்டால், "மோடம் தங்கம் சார், உங்க சவுண்டு கார்டுதான் சரியில்ல" என்றார்கள். சவுண்டு கார்டு கடைக்காரர் சத்தியமாக மோடம்தான் என்றார். தவளக்குப்பத்தில் ஒருத்தரிடம் சரியான டிரைவர் சி.டி. இருக்கிறதென்று கேள்விப்பட்டு பஸ் ஏறிப் போய், வெயிலில் காத்திருந்து வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டில் போட்டுப் பார்த்தால் அது வேறு கம்பெனி மோடத்துக்கு. அன்றைக்கு நான் அந்த சி.டி.யிடம் பேசின பேச்சை இங்கே எழுத முடியாது.

இது போதாதென்று நாலு வீடு தள்ளி அந்துவான். என்னோடு படித்தவன். அவனுடைய அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கினவர், அண்ணன் பிரான்ஸில் வேலை. அந்த அண்ணன் லீவுக்கு வரும்போது ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனான். எல்லாம் பிரெஞ்சில். கீபோர்டில் எழுத்துகூட இடம் மாறித்தான் இருக்கும். அந்துவானுக்குக் கம்ப்யூட்டரில் ஆன் பண்ணுகிற இடம் தெரியும், அவ்வளவுதான். "எனக்கு ஒரு எழவும் தெரியாதுடா. அண்ணன் அமுக்கச் சொன்ன எடத்துல அமுக்கறேன்" என்பான். அமுக்குவான். பிரான்ஸிலிருந்து பேச்சுக் குரல் கணீரென்று வரும். எனக்கு அடிவயிற்றிலிருந்து பற்றிக்கொண்டு எரியும். எதுவுமே தெரியாதவனுக்கு எல்லாம் நடக்கிறது, எல்லாம் தெரிந்தவனுக்கு ஒரு மயிரும் நடக்கவில்லையே!

ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. அவனுடைய பிளக் பிரான்ஸ் பிளக், உருண்டையாக, எர்த்துக்குக் குச்சி இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை. நம் ஊர் சாக்கெட்டில் அதைத் திணித்து வைத்திருந்தான். எர்த் எங்கேயும் சேரவில்லை. கேபினெட்டைத் தொட்டால் விரலில் சுர்ரென்று இழுக்கும். அதைத் தொட்டுப் பார்த்த அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம், அடேயப்பா! மூன்று குச்சி ஒயர் மாட்டுடா என்று ஒருமுறை சொன்னேன். அவன் கேட்கவில்லை. நானும் அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

அந்துவானின் அம்மாவைத் தெருவில் எல்லோரும் பிரெஞ்சு மரியாதையில் மதாம் என்போம். அவர்தான் ஒருநாள் அம்மாவிடம், "ஞாயித்துக்கிழமை நம்ம வூட்டுக்கு வந்து பேசுங்கக்கா, புள்ளைய ஏன் ஏங்க விடறீங்க" என்று சொல்லிவிட்டார். அம்மா நல்ல புடவையாக எடுத்துக் கட்டிக்கொண்டு போனாள். என்னிடம் குரலைக் காட்டு என்று கேட்டவள் மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. வெகுநேரம் கழித்துத் திரும்பினாள், கண் சிவந்து, முகம் மட்டும் தெளிந்து.

"என்னா பேசினீங்க?"

"என்னாத்த, சும்மா."

"அந்த மிஷின்ல ஷாக் அடிக்குமே, தொட்டியா?"

"லேசா சுர்ருங்குது. அது ஒண்ணும் பண்ணலடா" என்றாள் அம்மா. "உன்துதான் மாவு மில்லு மாதிரி எரையுது."

அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. அடுத்தவன் வீட்டு மிஷின் அடிக்கிற ஷாக்கை மன்னிக்கிறவள், நம் வீட்டு ஃபேன் சத்தத்தை மன்னிக்க மாட்டாளாம்.

அந்துவான் வீட்டில் இன்னொரு பழக்கம் உண்டு. பிரான்ஸிலிருந்து போன் வந்தால், யாருக்கு வந்ததோ அவர்கள் போனோடு அறைக்குள் போய்விடுவார்கள், கதவைச் சாத்திவிடுவார்கள். மற்றவர்கள் கூப்பிட்டால்தான் உள்ளே போவார்கள். நம் வீட்டில் அந்தக் கதையே கிடையாது. போன் மணி அடித்தால் வீட்டில் இருக்கிறவர்கள், வந்தவர்கள் அத்தனை பேரும் சுற்றி நிற்போம், "என்னவாம், என்னவாம்" என்போம், பாதியில் பிடுங்கி நாமும் பேசுவோம். அதுதான் பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கதவைச் சாத்துவது வெள்ளைக்காரத் திமிர் என்று அவனிடமே சொல்லிக் கிண்டல் பண்ணியிருக்கிறேன்.

கடைசியில் சிக்கல் எங்கே இருந்தது தெரியுமா? கேபினெட்டின் பின்பக்கம் எதையும் சொருகாமல் சும்மா கிடந்த ஒரு போர்ட். உபயோகமில்லாத அதுவும் ஒரு நம்பரை வளைத்துப் போட்டுக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் எழும்போதே செட்டிங்ஸில் போய் அதை நிறுத்தினேன். விடுபட்ட நம்பரை மோடம் பிடித்துக்கொண்டது. கீய்ங், குர்ர்ர், பிறகு டிங். வீடு அதிரக் குதித்தேன். கடுகு டப்பாவிலிருந்து ஸ்குரூவை எடுத்து, முதல்முறையாக மூடியை மூடினேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, பக்கத்தில் ஸ்டூல் போட்டு நான் உட்கார்ந்துகொண்டேன். "மைக்கக் கிட்ட வை. அவ்ளோ கிட்ட வேணாம். விஜயா, எக்கோ வருதா? இரும்மா, வால்யூம் ஏத்தறேன். இப்பப் பேசு." அம்மா சாப்பிட்டியா என்றாள். விஜயா சாப்பிட்டேன் என்றாள். அங்கே குளிரா என்றாள். குளிர்தான் என்றாள். நடுநடுவே குரல் எவ்வளவு சுத்தமாக வருகிறது என்று நான் இருவரிடமும் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். சீக்கிரமே முடிந்துவிட்டது. எனக்கென்னவோ ஜெயித்துவிட்ட நினைப்புதான்.

அடுத்த ஞாயிறு பார்த்தால், அம்மா மறுபடியும் நல்ல புடவையில் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.

"எங்க போற?"

"மதாம் வூட்டுக்கு."

"இங்கதான் வேலை செய்யுதே! அவன்துல என்னா பெருசா இருக்குது?"

அம்மா செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "அங்க லைனப் போட்டுக் குடுத்துட்டு, அந்தப் புள்ள கதவ சாத்திட்டுப் போயிடுதுடா."

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சும்மா எங்கள் தெருவில் நடப்பேன். மதாம் வீட்டுச் சன்னல் பக்கம் வரும்போது நடை தன்னால் மெதுவாகும். ஒன்றும் கேட்காது. வாசலில் உட்கார்ந்து பத்திரிகை படித்துக்கொண்டிருக்கும் அந்துவான், "வாடா, உக்காரு" என்பான். அந்த அறைக்குள் என் அம்மாவும் என் தங்கையும் இருப்பார்கள். வெளியில் நானும் அவனும் இருப்போம். அவனைப் பிடிக்கவே பிடிக்காது அப்போது.

அம்மா போய்ச் சேர்ந்து வருஷங்களாகிவிட்டன. அந்துவான் குடும்பத்தோடு பிரான்ஸுக்குப் போய்விட்டான். அந்த வீட்டில் இப்போது டூரிஸ்டுகள் வந்து தங்குகிறார்கள். போனமுறை விஜயா வந்திருந்தபோது, அப்படி என்னதான் பேசினீர்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேவிட்டேன்.

"எல்லாம் எங்களுக்குள்ளண்ணே" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, "அந்தக் கதவு இல்லன்னா மொத வருஷமே நான் பெட்டியத் தூக்கிட்டு வந்திருப்பேன்" என்றாள். மேற்கொண்டு ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை. அவள் அங்கே என்ன பட்டாள், அம்மா என்ன சொல்லி நிற்கவைத்தாள், எனக்கு இன்றுவரை தெரியாது. அந்துவானுக்கும் தெரியாது. ஆனால் கதவைச் சாத்தினவன் அவன். அந்தப் பெருமை அவனுக்குப் போயிற்றே என்று இப்போதும் எரிகிறது, மறைப்பானேன்.

போன ஞாயிறு அந்த 'டிங்' வந்த கையோடு லேப்டாப்பில் விஜயாவின் முகம் வந்துவிட்டது. "எப்படி இருக்கீங்கண்ணே" என்று எனக்கு ஒரு வார்த்தை. பிறகு என் மகள் லேப்டாப்பை அப்படியே தூக்கிக்கொண்டு, "அத்தை, ஒரு விஷயம் சொல்லணும்" என்று மெதுவாகச் சொல்லியபடி உள் அறைக்குப் போனாள். கதவு சாத்திக்கொண்டது.

மோடத்தின் கத்தல் போய்விட்டது. நீலத் திரை போய்விட்டது. தவளக்குப்பம் வரை போய் சி.டி. தேட வேண்டியதில்லை. கார்டுகளெல்லாம் எப்போதோ சமாதானமாகிவிட்டன. ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்தப் பாழாய்ப்போன மிஷின் மக்கர் பண்ணின காலத்தில், அதைச் சாக்கிட்டாவது எனக்கு அம்மா, விஜயா பக்கத்தில் ஒரு ஸ்டூல் இருந்தது.

கதவருகில் போய் நின்றேன். உள்ளே என் மகள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பிடிபடவில்லை.

"சத்தம் சரியா வருதாம்மா?" என்று கேட்டேன்.

"நல்லா வருதுப்பா" என்றாள் உள்ளேயிருந்து.