நோயாளியாகிய எனக்கு

எங்கள் அலுவலகத்தில் மென்பொருள் செய்வதற்கு முன்னால் 'யூசர் ஸ்டோரி' எழுதுவோம். அதைப் பயன்படுத்தப்போகிறவரே சொல்வதுபோல மூன்றே வரி: நான் யார், எனக்கு என்ன வேண்டும், எதற்காக வேண்டும். கீரனூரிலிருந்து தினமும் திருச்சிக்குப் பஸ்ஸில் போய் நான் பார்த்தது அந்த வேலைதான். "கதைக்குள்ள நெசமா ஒரு ஆள் இருக்கணும். அவங்க சாப்பிட்டாங்களான்னுகூட ஒனக்குத் தெரிஞ்சிருக்கணும்" என்று புதிதாகச் சேர்ந்தவர்களை விரட்டுவேன். எல்லாம் ஊருக்கு உபதேசம்.

ஒரு மருத்துவமனையின் செயலிக்காக நான் எழுதியது இது: 'நோயாளியாகிய எனக்குப் பரிசோதனை முடிவு உடனே போனுக்கு வர வேண்டும், காத்திருந்து தவிக்காமல் இருப்பதற்காக.' ஒரு நோயாளியிடமும் கேட்கவில்லை. பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

அடுத்த வருஷம் அம்மாவுக்கு வயிற்றுவலி. அதே மருத்துவமனையில் சதை எடுத்துப் பரிசோதித்தார்கள். டாக்டர் அம்மாவை வெளியே உட்காரவைத்துவிட்டு, அண்ணனையும் என்னையும் மட்டும் அழைத்தார். புற்றுநோய், பரவிவிட்டது என்றார். எல்லா வீட்டிலும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். "வயித்துல புண்ணும்மா, மாத்திரையில ஆறிரும்" என்றோம். மருத்துவமனைப் பதிவில் கொடுத்திருந்தது அம்மாவின் போன் நம்பர் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. அந்த வசதியை எழுதியவளுக்கே மறந்துவிட்டது. என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

இரண்டு மாதம் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தோம். அண்ணன் அறந்தாங்கியிலிருந்து ஞாயிறுதோறும் வந்து கேலி பேசுவான். அம்மாவும் சிரிப்பாள். ஒரு மத்தியானம் கஞ்சி கொடுத்துக்கொண்டே, "தைக்குள்ள எந்திரிச்சு நடந்துருவ, பாரும்மா" என்றேன். அம்மா கிண்ணத்தைத் தள்ளிவைத்தாள்.

"எனக்குத் தெரியும் ஆத்தா. அன்னைக்கே போன்ல வந்துருச்சு. இங்கிலீசுல இருந்துச்சு, மெடிக்கல் கடைக்காரருகிட்டக் காமிச்சேன். அவரு மூஞ்சி மாறிப்போச்சு."

"ஏம்மா எங்ககிட்டச் சொல்லலை?"

"நீங்க ரெண்டு பேரும் சிரிச்ச மொகமா வந்து நின்னீங்க. நான் எங்கிட்டுப் போயி அழுவேன்?"

முடிவு கைக்குப் போய்ச் சேர்வதோடு நான் எழுதிய கதை முடிந்துபோயிருந்தது. படித்த பிறகு அந்த ஆள் என்ன செய்வார், பக்கத்தில் யார் இருப்பார் என்று நான் யோசிக்கவில்லை. அன்று அம்மாவின் மடியில் விழுந்து அழுதேன். என் முன்னால் முதல்முறையாக அம்மாவும் அழுதாள். அதற்குப் பிறகு பன்னிரண்டு நாள்தான் இருந்தாள்.