வெசலீனும் சாம்பல் தண்ணீரும்

கண்டியில் ஓடிய மோட்டார் சைக்கிள்களை எல்லாம் மினுக்கியவன் நான்தான். பொய். மினுக்கியது ஒன்றே ஒன்று. அதுவும் ஒரே ஒரு ராத்திரிதான் மினுங்கியது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் டவுனில் ஒரு மோட்டார் பட்டறையில் துடைக்கிற வேலை எனக்கு. மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவனுக்கு அதுவே உத்தியோகம். பேராதனையிலிருந்து, அரசாங்கக் கச்சேரியில் வேலை பார்க்கும் கிளார்க்கு ஐயா ஒருவர் தன் மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்து விட்டார். ஞாயிற்றுக்கிழமை அதில்தான் நாவலப்பிட்டிக்குப் பொண்ணு பார்க்கப் போகிறாராம். ஐயா ஒரு குறை சொன்னாலும் மறுநாள் முதல் நான் வரவேண்டாம் என்று பட்டறை பாஸ் முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

எஞ்சின் பெட்டி, கியர் மூடி எல்லாம் அலுமினியம். தேய்ந்த உப்புத்தாளால் கீறலை எடுத்தேன். சாக்கட்டித் தூளை மண்ணெண்ணெயில் குழைத்துப் பழைய பனியனால் தேய்த்தேன். கடைசியில் மூடியில் என் மூஞ்சி தெரிந்தது. அந்த வேலையில் குறை அது ஒன்றுதான். பேராதனைப் பனிக்கு அலுமினியம் வெள்ளையாய்ப் பூத்துப்போகும் என்று மேலே மெல்லிசாக வெசலீன் தடவி அனுப்பினேன்.

ஞாயிறு காலை ஐயா திரும்பி வந்தார். வெளுத்த கோட்டு, பூப்போட்ட டை. கீழே எஞ்சின் மட்டும் சோத்துப்பானை அடி மாதிரிக் கறுப்பு.

"என்னத்தடா பூசின?"

"வெசலீன்தாங்க ஐயா. உங்க உதட்டுல இருக்கே, அதே சாமான்தான்."

குனிந்து பார்த்தேன். எஞ்சின் மடிப்புகளுக்குள் அடுப்புச் சாம்பல் அப்பியிருந்தது. வீட்டில் யாராவது கழுவினார்களா என்று கேட்டேன். ஐயா பெருமையாகவே சொன்னார். நல்ல காரியத்துக்குப் போகிற வண்டியில் எண்ணெய்ப் பிசுக்கு ஆகாதென்று, குசினியில் சமையல் வேலை செய்கிற பெண் சாம்பலைத் தண்ணீரில் கரைத்து ராத்திரியே ஊற்றி வைத்தாளாம். அவள் கழுவியிருக்காவிட்டால் இன்னும் மோசமாய்க் கறுத்திருக்குமாம்!

சாம்பல் தண்ணீர் பட்டால் அலுமினியம் கறுக்காமல் கல்யாணக்களையா கட்டும்? இதைச் சொன்னேன். பாஸ் கேட்டாரா? ஐயாவின் கோட்டைப் பார்த்தார், என் கிழிந்த சாரத்தைப் பார்த்தார், குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டார். வேலை போனது. பூசியவன் வீதியில், கழுவியவள் குசினியில்!

நேரே பேராதனைக்கு நடந்தேன். அவளை நாக்கைப் பிடுங்குகிற மாதிரிக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் சொல் சேர்த்துக்கொண்டு போனேன். ஐயா வீட்டுப் பின்வாசலில் அவள் சட்டி தேய்த்துக்கொண்டிருந்தாள். சாம்பலால்தான். முழுவதும் கேட்டுவிட்டு, கையைக்கூட நிறுத்தாமல் சொன்னாள்:

"அழுக்கப் பூசிட்டுப் போனது நீங்க. கழுவுன நான் குத்தவாளியா? வேலை போச்சுன்னா இங்க உக்காந்து இந்தச் சட்டியத் தேயுங்க."

நான் சும்மா விட்டேனா? நான் அவளிடம் என்ன சொன்னேன் என்றால்...

"இந்தாங்க, அங்க என்ன பண்றீங்க? அலுமினியச் சட்டி அடிப்பிடிச்சிருக்கு. சாம்பல் அள்ளிட்டு வாங்க!"

என் வீட்டுக் குசினியிலிருந்து இன்றைக்கும் அதே குரல்தான். போகிறேன்.